மெலிசான செயின் கேட்டவள்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம். ஏன் என்று கேட்டு ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதுவும், 'நிறுத்திவிட்டீர்கள் போல, சந்தோஷம்' என்று. இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கரமனையிலிருந்து ஆபீஸுக்குப் போகிற பஸ். ஜூன் மழை. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டார்கள். உள்ளே அரையிருட்டு, ஈரக் குடைகளின் வாசனை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் நிற்கிறேன். அந்த மாதிரி மழையில் திருவனந்தபுரம் தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஊர் மாதிரி ஆகிவிடும். ஹாரன் சத்தம் கூட எங்கோ தூரத்திலிருந்து வரும். பஸ் போகிறதா, மிதக்கிறதா என்றே தெரியாது.

நெஞ்சில் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. மழைத் தண்ணீர்தான் ஒழுகுகிறது என்று நினைத்தேன். இதமாகக்கூட இருந்தது. கை வைத்தேன். தண்ணீர் இல்லை. செயினின் ஒரு முனை.

அடுத்த நொடி எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா? இரண்டு தாலி, நாலு காசு, தங்கக் குண்டுகள், பவளம் – எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், சேலை மடிப்புக்குள் இறங்குகின்றன. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கத்தவேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற என் ஆபீஸ் தோழி லதிகாதான், செயின் அறுந்துவிட்டது என்று மலையாளத்தில் கத்தினாள்.

"அய்யோ! மால பொட்டி! சேச்சீ, பிடிக்கு, தாலி பிடிக்கு!"

பிடித்தேன். ஒரு பவளம் மட்டும் சீட்டுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. மற்றதெல்லாம் கிடைத்தது.

தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார முடியுமா? மஞ்சள் கயிற்றுக்கு அந்த மழையில் எங்கே போவது? லதிகா மேஜையைத் திறந்து ஒரு ஃபைல் டேக்கை எடுத்தாள். பச்சைக் கயிறு, இரண்டு பக்கமும் தகர முனை. அதில் எல்லாவற்றையும் கோத்து, கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.

"சர்க்கார் சாதனம். இனி பொட்டில்ல" என்று சிரித்தாள். கவர்மென்ட் சாமான், இனி அறாதாம்.

நானும் சிரித்தேன். சாயங்காலம் வரை சிரிப்புத்தான்.

வீட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் கரமனையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைக் கடைந்து போல்ட், ஷாஃப்ட் செய்கிற ஆள். அவருக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. அடுத்த திங்கட்கிழமை பைபாஸ் ஆபரேஷன். சனிக்கிழமை அட்மிட் ஆகவேண்டும். அந்தத் தேதிக்கு நாங்கள் நாலு மாதம் காத்திருந்தோம். இதை விட்டால் இன்னும் நாலு மாதம். அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார். பச்சை டேக்கைப் பார்த்தார்.

"செயின் எங்கட்டி?"

"பஸ்ல அறுந்துட்டு. எல்லாம் பத்திரமா இருக்கு."

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"ஆபரேசன். தாலி செயின் அறுந்திருக்கு. அதுக்கு மேல என்ன சொல்லணும்? தேதியை மாத்திக் கேளு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தங்கம் அறுந்தால் மனுஷன் சாகவேண்டுமா? கத்தினேன். தட்டை வீசினேன். நெஞ்சுவலிக்காரரிடம் கத்தக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். செயினைச் செய்துகொடுத்த ஆசாரி அங்கேதான் இருக்கிறார். நாகர்கோவில்காரர், என் வயதுதான் இருக்கும். அறுந்த செயினை அவர் மேஜையில் போட்டேன்.

"என்னய்யா தங்கம் போட்ட? பதினோரு வருஷம் தாங்கல?"

அவர் அசரவில்லை. "வாங்க அக்கா, இரிங்க. சண்டைய உக்காந்து போடலாம், கேட்டியளா" என்றார். செயினை எடுத்துக் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க. முதல்ல பிடரிப் பக்கம் உள்ள கண்ணி."

பார்த்தேன்.

எப்படிச் சொல்வது... கடைத்தெரு காணாமல் போய்விட்டது. மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் நின்றுவிட்டது. எதிரே மஞ்சள் வெயிலில் பெரிய பெரிய வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. தடித்த, உருண்டையான, அழகான வளையங்கள். பதினோரு வருடமாக என் தோல் மேல் கிடந்தது இதுதானா?

"இப்ப நெஞ்சுப் பக்கம் வாங்க."

செயினை மெதுவாக நகர்த்தினார். ஆற்றோரமாக நடந்து போகிற மாதிரி இருந்தது. போகப் போக வளையங்கள் மெலிந்தன. ஒரு வளையம் இன்னொன்றைத் தொடுகிற இடத்தில் மட்டும் பளபளவென்று ஒரு பள்ளம். வெளியே தடிப்பு, உள்ளே பள்ளம். கடைசியில், அறுந்த கண்ணி. அதன் முனை ஊசி மாதிரி இருந்தது.

"இது நேத்து அறுந்ததுன்னா நினைக்கியோ?" என்றார் ஆசாரி. "பதினோரு வருஷமா அறுந்துட்டு இருக்கு அக்கா. நடக்கும்போது, குனியும்போது, தூங்கும்போது... தாலியும் காசும் அந்த இடத்துலதான் கெடந்து ஆடும், உரசும். தங்கம் மெத்துன்னு இருக்கப்பட்ட சாதனம். சும்மா இருக்குமா?"

"மத்தவங்க செயினெல்லாம் தேயலையா?"

"இங்கத்த மலையாளத்து அக்காமாரு இதே மெலிசுலதான் போடுதாவ. ஆனா அவ்வொ தாலி எம்புட்டு? ஆலிலை மாதிரி, நகம் அளவு. உங்களுக்குத் தொங்குறது மொத்தமும் தமிழ்நாட்டுக் கனம். நான் அன்னைக்கே சொன்னேன், வேண்டாம் அக்கா, ஒண்ணு செயினைத் தடியாக்குங்க, இல்ல காசைக் குறைங்கன்னு. நீங்க கேட்டியளா? மெலிசாத்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னியோ."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

பேச்சை மாற்ற, ஷோகேஸில் தொங்கிய ஒரு தடிமனான செயினைக் காட்டினேன். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தது.

"அது உள்ள பொள்ளை" என்றார். "பார்க்கத் தடி, தகடு மெலிசு. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து கழற்றி வைக்கலாம். தினம் போட்டா ரெண்டே வருஷம். நசுங்கினா நிமிர்த்த முடியாது, அறுந்தா ஊதிப் பத்தவைக்கவும் முடியாது."

அறுந்த கண்ணியையும், பிடரிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல கண்ணியையும் வெட்டித் தரச் சொன்னேன். ரோஸ் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

மத்தியானம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஆபரேஷன் வரை வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், அவர் ஓடாத லேத்துக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூரை ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் லேத் மேல் சின்னச் சின்னக் காசுகளாகக் கிடந்தது. இரும்பு, எண்ணெய் வாசனை. அந்த இடத்தில் எப்போதும் எனக்குத் தூக்கம் வரும்.

பேப்பரைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "அளந்து பாருங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அளக்கச் சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஸ்க்ரூ கேஜை எடுத்தார். நல்ல கண்ணியை இடுக்கியால் விரித்து வைத்துத் திருகினார். "பாயின்ட் எட்டு எம்.எம்." என்றார். அறுந்த கண்ணியின் முனையை மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேஜின் விளிம்பில் கொடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். திரும்ப அளந்தார்.

"பாயின்ட் நாலு கூட இல்ல."

"அப்படீன்னா?"

"தடிமன் பாதியானா பலம் பாதி இல்லட்டி. கால்வாசி. இந்தக் கால்வாசிக்கும் கீழே எல்லாத்தையும் தொங்கப் போட்டிருக்க." அவர் முகத்தில் பட்டறைக்காரரின் பழைய கோபம் வந்தது. "இப்படி ஒரு ஷாஃப்டை எவனாவது கொண்டாந்தா செவிட்டுல அறைவேன்."

"அப்ப இது சகுனமா?"

"இல்ல. தேய்மானம்."

அப்பாடா என்றிருந்தது. அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கேஜைத் துடைத்து டப்பாவில் வைத்தார். மூடவில்லை.

"ஆனா இதை மெலிசாக்குனது யாரு? நான்லா" என்றார். "உன் கழுத்துல கெடந்த கொடியை எடுத்து இதுல போட்டேன்." லேத்தைக் காட்டினார். "ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் இதுக்குப் பொட்டு வைக்கும்போது நெஞ்சு கிடந்து அடிக்கும். பொம்பளை தாலிக்கொடியில மிசின் வாங்குனவனை அது சும்மா விடுமா? அடைப்பு வந்தப்பவே நினைச்சேன். இப்ப அறுந்தும் போச்சு."

அதுதான் விஷயம். சகுனம் எல்லாம் மேல் பூச்சு. இந்த மனிதர் பதினோரு வருடமாக இதை உள்ளே வைத்துக்கொண்டு இரும்பு கடைந்திருக்கிறார்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அவரிடம் அன்று சொன்னதையேதான்.

நாங்கள் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த புதிது. ஆபீஸில் முதல் வாரம். மத்தியானச் சாப்பாட்டு மேஜை. என் கழுத்தில் என் அம்மா வீட்டில் போட்ட ஏழு பவுன் தாலிக்கொடி, சுண்டுவிரல் தடிமனில். ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்து, "இது மாலயல்லல்லோ, வடமல்லே! பாண்டிகளுக்கு ஆனயெக் கெட்டான் கொள்ளாம்" என்றாள். மாலை இல்லையாம், வடமாம், யானையைக் கட்டலாமாம். பாண்டி என்பது தமிழ்க்காரர்களுக்கு இங்கே வைத்திருக்கிற இளக்காரப் பேர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் கழுத்தில் எல்லாம் நூல் மாதிரி ஒரு மின்னல்... ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த வாரம்தான் அவர் லேத் வாங்கவேண்டும் என்று பேச்சை எடுத்தார். நான் கொடியைக் கழற்றி நீட்டினேன். "மெலிசா ஒரு செயின் போட்டுக் குடுத்துட்டு மீதியை எடுத்துக்கிடுங்க." அவர் கண் கலங்கிவிட்டார். நான் கண்ணாடி முன்னால் போய் நின்று, மெலிசான செயின் போட்டால் எப்படி இருப்பேன் என்று கனவு கண்டேன்.

இதை அப்படியே சொன்னேன். லேத் மேல் கிடந்த வெயில் காசுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து தரையில் இறங்கின.

"அப்ப... எனக்காகக் குடுக்கலையா?"

"இல்ல. பாண்டின்னு சொன்னாளேன்னு கழட்டினேன். நீங்க கேட்காட்டியும் கழட்டியிருப்பேன்."

"அட பாவி!" என்றார். "பதினோரு வருசமா ஊர்ல ஒரு வீடு விடாம உன்னைப் பத்திப் பீத்திட்டு இருக்கேன். எங்கம்மா உன்னைக் கையெடுத்துக் கும்பிடுதா!"

"கும்பிடட்டும். வேண்டாம்னா சொன்னேன்?"

"யானையைக் கட்டலாம்னா சொன்னா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் ஆடி ஆடிச் சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கான்?"

இவ்வளவு எழுதியதற்குப் பலனாக ஒரு காரியம் செய்யுங்கள். செயினைக் கழற்றி, நெஞ்சில் கிடக்கிற பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணிகளை விலக்கி உள்பக்கம் பாருங்கள். பளபளப்பாகப் பள்ளம் தெரிந்தால் ஆசாரியிடம் ஓடுங்கள். இரண்டு செயினைச் சேர்த்துப் போட்டு ஒன்றை ஒன்று அறுக்க விடாதீர்கள். தொங்குவது கனம் என்றால் செயினும் கனமாக இருக்கட்டும். மெலிசுதான் வேண்டுமா? தொங்குவதைக் குறையுங்கள். ஊர் சிரிக்கிறதே என்று ஒருத்தி செயினை மெலியவைக்கிறாள். ஊர் மெச்சவேண்டும் என்று இன்னொருத்தி பொள்ளைச் செயினை வாங்குகிறாள். நம் கழுத்தை நாம் கேட்பதே இல்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பச்சை டேக்குக்குப் பதில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல்... நர்ஸ்களின் வெள்ளைச் சேலைகள் மேகம் மாதிரி போய் வந்துகொண்டிருந்தன. மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். நெஞ்செலும்பை அறுத்துத் திறந்ததால் ஸ்டீல் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம், அது ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும் என்றார். இதை முன்பே படம் போட்டு எங்கள் இருவருக்கும் விளக்கியிருந்தார்.

மறுநாள் காலையில், மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"அந்தக் கம்பி... எத்தனை எம்.எம்.?"

நர்ஸ் பதறி ஓடி வந்தாள். "எந்தா சேச்சி, எந்தா பறயுன்னது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றேன். "ஆளு பிழைச்சாச்சு."