மேட்டுக்கு வரும் சகலையின் கார்

ரேடியோவில் புயல் என்று சொன்னாலே குஷன்காரருக்கு வயிற்றில் புகையத் தொடங்கிவிடும். புயலைக் கண்டு பயமில்லை. புயலுக்கு முன்னால் சகலையின் கார் வந்துவிடும். புகைச்சல் அதனால்தான்.

ஊரில் எல்லோருக்கும் அவர் குஷன்காரர். கார் சீட்டோ ஆட்டோ சீட்டோ, லாரி டிரைவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த மெத்தையோ, எதைக் கொண்டுவந்து போட்டாலும் பிரித்து, ஸ்பாஞ்ச் மாற்றி, ரெக்சினை இழுத்துத் தைத்துக் கொடுப்பார். கார்களுக்கு மூடுதுணியும் தைப்பார். வீட்டுக்கு முன்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் பட்டறை. தெருவே மேடு, அதில் இவர் வீடு உச்சி. எவ்வளவு மழை பெய்தாலும் வாசலில் தண்ணீர் நிற்காது. மனுஷனுக்கு இருந்த அந்த ஒரு பெருமையையும் சகலை தன் காருக்கு எடுத்துக்கொண்டார்.

சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். மரக்கடை முதலாளி. கடற்கரை ஓரம் பள்ளத்தில் மாடி வீடு. கார் அவருடைய அப்பா வாங்கியது. நீண்ட மூக்கு, மாதுளை நிறம், முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பெயிண்ட். ஓடுகிற நிலையில் அந்த மாதிரிக் கார் இந்த நாட்டிலேயே இரண்டோ மூன்றோதான் மிச்சமாம். வாடகைக்குக் கேட்டு வந்த சினிமாக்காரர்களைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். இத்தனை ‘ஆம்’களும் மாமியார் வாயிலிருந்து வந்தவை.

அந்த மாமியார் இருப்பதோ சின்ன மாப்பிள்ளையான இவர் வீட்டில். சாப்பாடு இங்கே, மாத்திரை இங்கே, கால் வலிக்குத் தைலம் இங்கே. புகழ் மட்டும் பள்ளத்து வீட்டுக்குப் போகும். “பெரிய மாப்ள ஒரு பொருளக் காப்பாத்துற அழகே அழகு. அவரு கையில நம்ம பொண்ணு இருக்கான்னா எனக்கு ஒரு கவலையும் இல்ல” என்பார், இவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாமியார் என்றால் நாலு பேச்சு வரத்தான் செய்யும். தாங்க முடியாதது மனைவி சொன்ன ஒரு வார்த்தை. ஒரு மழைக்காலத்தில் கார் வந்து நின்றபோது அவள் அதன் மூக்கை விரலால் மெல்லத் தடவி, “அக்கா கொடுத்து வச்சவ” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அது அன்றே மறந்திருக்கும். இவருக்கோ தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அப்படியென்றால் இவள் கொடுத்து வைக்காதவளா? என்னைக் கட்டிக்கொண்டது அவளுக்கு நஷ்டமா? நேராகக் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. கேட்காத கேள்வி வருஷா வருஷம் காரோடு சேர்ந்து மேடேறி வந்தது.

இந்தத் தடவையும் வந்தது. புயல் மறுநாள் காலையில் கரையைக் கடக்கும் என்றார்கள். பொழுது சாயும் முன்பே ஹாரன் கேட்டது. தையல் மிஷினைக் குஷன்காரர் சமையலறைக்குத் தள்ளினார். பிரித்துப் போட்ட சீட்டுகள் மாமியாரின் அறைக்குப் போயின. ஸ்பாஞ்ச் அடுக்கெல்லாம் கட்டில்மேல் உத்தரம் வரை ஏறியது. காலியான கொட்டகைக்குள் கார் மாப்பிள்ளை மாதிரி நுழைந்தது.

சகலை இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“தம்பி, டயருக்குக் கட்டை குடுத்துடு. ஹேண்ட் பிரேக் போடல, போட்டா ஈரத்துல பிடிச்சுக்கும். பேட்டரி வயரையும் கழட்டிட்டேன். மூடுதுணிய நீயே போட்டுடுப்பா, உன் கை பட்டாத்தான் அது சரியா உக்காருது.”

பாராட்டுதான். அதுவும் எரிந்தது.

“அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே அத்தான்?” என்றாள் மனைவி.

“வீட்டப் பாத்துக்க ஆளு வேணாமா? அவளுக்கென்ன, மாடி இருக்கு” என்று சிரித்தார் சகலை. கடைப் பையனின் மோட்டார் சைக்கிள் பின்னால் ஏறிப் போயும்விட்டார்.

கடற்கரைச் சாலை வழியாக வந்த வண்டி. மூக்கிலிருந்து வால் வரைக்கும் பொடி மணல் மாவு சலித்த மாதிரிப் படிந்திருந்தது. கழுவித் துடைத்துவிட்டுத்தான் துணி போட வேண்டும். பெயிண்டுக்கும் துணிக்கும் நடுவில் மணல் மாட்டிக்கொண்டால், காற்று அடிக்க அடிக்க அது அரம் போடும். எத்தனை வாடிக்கையாளர்களை இதற்காகத் திட்டியிருக்கிறார்! துடைக்காமல் துணி போடுகிறவனுக்குக் கார் எதற்கு, மாட்டு வண்டி வாங்கிக்கொள்ளட்டும் என்பார்.

அவர் மணலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பாழாய்ப்போன மனசு, ஒரே ஒரு கீறல் விழுந்தால் என்ன என்றது. அப்படியே துணியை இழுத்துப் போட்டு, அடியில் பெல்ட்டுகளை மாட்டி, டயருக்குக் கட்டையும் கொடுத்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான். ஆனாலும் அன்று ராத்திரி ஒரு கவளம் கூடவே இறங்கியது, தூக்கமும் நன்றாக வந்தது.

காலையில் புயல் வந்துவிட்டது. தகரம் தடதடத்தது, எதிர்வீட்டு முருங்கை முறிந்து தெருவில் விழுந்தது. வீட்டில் மற்றவர்கள் காற்றைக் கேட்டார்கள். குஷன்காரர் காதில் விழுந்தது ஒரே சத்தம்தான். கொட்டகைக்குள் துணி உப்புவதும், உப்பி அடங்கும்போது பெயிண்டின்மேல் சரக் சரக்கென்று உரசுவதும். முதலில் இனிமையாகத்தான் இருந்தது. அரைமணி நேரம் போனதும் அந்தச் சரக் அவருடைய பல்லிலேயே உரசியது.

“பெரிய மாப்ள காரு என்னாச்சோ” என்றார் மாமியார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீறல் விழுந்தால் பழி யார்மேல்? துணி இவர் தைத்தது, கட்டியதும் இவர். ஒருநாள் நம்பி விட்ட பொருளைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லை என்று மனைவி நினைத்துக்கொள்வாள். சகலை இன்னும் ஒரு முழம் உயர்வார், இவர் ஒரு முழம் தாழ்வார். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார். நல்ல எண்ணத்தில் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அத்தனையும் பொறாமை.

“என்னங்க, இந்தக் காத்துல எங்க போறீங்க!” என்று மனைவியும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அவள் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இவர் வாளி வாளியாக ஊற்றி மணலைக் கழுவினார். ஃபிளானல் துணியால் ஒற்றி எடுத்தார். இரண்டு இடத்தில் பளபளப்பு லேசாக மங்கியிருந்தது. பாலிஷைத் தொட்டுத் தேய்த்ததும் தெரியவில்லை. துணியை உதறி, அலசி, திரும்பப் போட்டு, கொட்டகைத் தூண்களோடு சேர்த்துக் கயிறும் கட்டினார். உள்ளே வந்தபோது மனைவிக்குப் பல் கிட்டித்தது. அவளை உட்கார வைத்துத் தலையைத் துவட்டிவிட்டார்.

“சொந்தக் கார் மாதிரில்ல பாக்குறீங்க. அத்தானுக்குக்கூட இவ்வளவு அக்கற இருக்காது” என்றாள் அவள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த நேரத்திலும் ஒரு அத்தான் வந்துவிட்டாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மதியம் காற்று அடங்கித் தூறலானபோது வாசலில் யாரோ தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அண்ணி, சகலையின் மனைவி. மார்பு வரை நனைந்த சேலை, ஒரு காலில் மட்டும் செருப்பு, தலைமுடியெல்லாம் சேறும் சருகும்.

“அக்கா!” என்று அலறினாள் மனைவி.

அண்ணி மூச்சு வாங்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, மூடுதுணியைத்தான் பார்த்தாள்.

“காரு நனையலையே? போன் போக மாட்டேங்குது. பாத்துட்டு வரச் சொன்னாரு.”

“மாடியிலயே இருந்திருக்கலாமேடி?” என்றார் மாமியார்.

“மாடியில எடம் ஏதும்மா? கடைப் பலகையெல்லாம் ஏத்தி வச்சிருக்கு, அவரு படுக்க ஒரு ஓரம் இருக்கு. நான் கீழ கட்டில்மேல உக்காந்துக்குவேன். எப்பவும் அப்படித்தானே.”

“இந்தத் தண்ணியில அத்தான் வந்தா என்ன?”

“அவருக்கு ஈரம் ஒத்துக்காது.”

எப்பவும் அப்படித்தானே. இத்தனை மழைக்காலம் கார் மட்டும் மேடேறி வந்தது. அண்ணி எங்கே என்று இந்த வீட்டில் ஒருவரும் குடைந்து கேட்டதில்லை. பொறாமைப்படவே நேரம் போதாத குஷன்காரரும் கேட்டதில்லை. மாமியார் மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

மனைவி அக்காவை உள்ளே கூட்டிப் போய் மாற்றுத் துணி கொடுத்து, தரையில் பாய் போட்டு உட்கார வைத்தாள். டீ வந்தது. அண்ணி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“உன் தலையும் ஈரமா இருக்கே, நீயும் தண்ணியில எறங்கினியா?”

“காருக்குத் துணி பிடிக்கப் போய் நனைஞ்சேன்க்கா. அப்புறம் அவருதான் துவட்டி விட்டாரு” என்றாள் மனைவி, ஒன்றையும் யோசிக்காமல்.

அண்ணி டம்ளரிலிருந்து நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். பிறகு குஷன்காரரைப் பார்த்தாள். மறுபடியும் தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன பார்வை என்று அவருக்கு உடனே தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? கார் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் சவரக் கண்ணாடியில் அவர் பார்த்த பார்வைதான் அது. இவர் பள்ளத்தைப் பார்த்து வெந்துகொண்டிருந்த காலமெல்லாம், பள்ளத்திலிருந்து ஒருத்தி மேட்டைப் பார்த்து வெந்திருக்கிறாள். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட முயன்றார். வரவில்லை.

லைன் திரும்ப வந்துவிட்டது போலிருக்கிறது, போன் அடித்தது. சகலை.

“தம்பி, கார் எப்படியிருக்கு?”

“நல்லாருக்குண்ணே.”

“தகரம் கிகரம் மேல விழலையே?”

“இல்ல.”

“தண்ணி?”

“ஏறல.”

அடுத்த கேள்விக்காகக் குஷன்காரர் காத்திருந்தார்.

“அப்ப சரி, வச்சிடட்டுமா?” என்றார் சகலை.

மனைவி எழுந்து வந்து கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

“அத்தான், தண்ணி வடிஞ்சதும் வந்து காரை எடுத்துட்டுப் போங்க. அக்கா இங்கதான் இருப்பா.”

பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு எந்த நஷ்டக் கணக்கும் தெரியவில்லை.

“உங்களக் கேக்காம சொல்லிட்டேன்.”

“கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்” என்றார் குஷன்காரர். “ஆனா அண்ணி படுக்கக் கட்டில் காலியாகணும். ஸ்பாஞ்சையெல்லாம் கொட்டகைக்குக் கொண்டுபோகணும்னா, முதல்ல காரை வெளியில தள்ளணும்.”

வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“டயர்க் கட்டைய எடுங்க மாப்ள. நானும் ஒரு கை தள்ளுறேன்.”