மாமன் விரலில் ஒரு கடி

நனைத்த துண்டின் நுனியை மென்றபடி மகள் என் தோளில் கிடந்தாள். மாமியார் வீட்டை விட்டு வாய்க்கால் கரையோடு நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கூத்தாநல்லூர் சாலைக்குப் போனால் ஏதாவது பஸ் வரும். எந்த ஊருக்கு என்று யோசிக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாகப்பட்டினத்தில் ஐஸ் உடைத்தேன், திருவாரூரில் லாரிக்குக் கிளீனராகப் போனேன், எங்கும் நிலைத்ததில்லை. பட்டினி எனக்குப் பழக்கம். பல் முளைக்கும் பிள்ளையோடு ஊர் மாறுவதுதான் புதிது. ஜொள்ளில் சட்டை ஊறிப்போயிருந்தது. வசம்பு வளையல், என் காலர், காது, எதையும் அவள் விடவில்லை. புறப்பட்டபோது மனைவி தடுக்கவில்லை. "போறதுதான் போறீங்க, துண்டை நனைச்சுக்கிட்டுப் போங்க. ஈறு நமநமங்குது, அதைத்தான் கடிப்பா" என்று சொல்லிவிட்டு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். வயலிலிருந்து அண்ணன் வந்துவிடுவார் என்ற தைரியம் அவளுக்கு.

அன்று பல்லுக் கொழுக்கட்டை. முதல் பல் எட்டிப் பார்த்ததும் பல் பல்லாகக் கொழுக்கட்டை பிடித்துப் பிள்ளையின் தலையில் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். லாரி வேலையும் வாடகை அறையும் போன பிறகு, அதைச் சாக்கிட்டுத்தான் வந்திருந்தோம். மாமியார் ஆசையாக உதட்டைத் தூக்கிப் பார்த்தவர் திடுக்கிட்டார். "மேல் பல்லுல்ல முதல்ல வந்திருக்கு! மாமனுக்கு ஆகாதே!" கீழ்ப்பல் முளைக்கும்வரை பிள்ளையை வேறெங்காவது வைத்திருக்கச் சொன்னார். அவருக்கு ஒரே மகன், பயப்படத்தானே செய்வார். ஆனால் வேறெங்காவது என்று ஓர் இடம் எங்களுக்கு இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பின்னால் மொபெட் சத்தம். முழங்கால்வரை சேறோடு மச்சான். "மாப்ளே, நில்லுங்க! என் மருமவளை எங்க கடத்திக்கிட்டுப் போறீங்க?"

"மேல் பல்லு மச்சான். உங்களுக்கு ஆகாதாம்."

"ஆகாதது எனக்குத்தானே? என்ன கோவம்னு அவகிட்டயே கேட்டுருவோம்."

வாய்க்காலில் கையைக் கழுவி, ஆள்காட்டி விரலை அவள் வாயில் வைத்தார். துண்டைத் துப்பிவிட்டு ஒரே கடி. "ஐயோ, அம்மா!" என்று அலறிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலைந்து நாளாக அழுதே கிடந்தவள் அப்போது சிரித்தாள் பாருங்கள், தொப்பை குலுங்கக் குலுங்க!

"வந்த கண்டம் இதோட தீந்துச்சு. ஏறுங்க, கொழுக்கட்டை ஆறிப்போவும்."

மாமியார் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. அதன்பிறகே கொழுக்கட்டையைக் கொட்டினார். மடியில் விழுந்த ஒன்றை எடுத்து மகள் அந்த ஒற்றைப் பல்லால் சுரண்டியதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பல் அவளுடைய ஏழாவது வயதில், போன மாதம்தான் விழுந்தது. சாண உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தவர் அதே மாமன்தான். ஓட்டை வாயோடு அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் இந்த ஊரை விட்டு நகரவில்லை.

கொழுக்கட்டை கொட்டிய மறுநாள் காலை, விரலில் உருண்டையாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு மச்சான் வந்து நின்றார். "மம்பட்டி புடிக்க முடியல மாப்ளே. நடவுக்கு முன்னாடி வரப்பு வெட்டியாகணும். விரல் ஆறுற வரைக்கும் நீங்க பாத்துக்குங்க." இரக்கப்பட்டு வேலை கொடுத்தால் நான் நிற்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். "நான் சொன்னப்ப கேட்டீங்களா?" என்றார் மாமியார், கீறல் இல்லாததைத் தானே பார்த்திருந்தும். மகள் மென்று நூல் பிரித்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வரப்பில் இறங்கினேன். விரல் இன்னும் ஆறவில்லை என்றுதான் மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.