இளையாள் வேஷம்

எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகை முடிவதற்குள் அன்னக்கொடி முப்பத்தோரு ஊர்களில் தன் புருஷனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். எல்லாம் நாடகத்தில்தான். நிஜமாக விட்டுக்கொடுத்தது அதற்குப் பதினோரு வருஷம் முந்தி. பிள்ளை இல்லை என்று அவள் புருஷன் காளை இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்தபோது, நாலு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பழங்காநத்தத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்தது காஜா எடுக்கும் வேலை. சேக் இஸ்மாயிலின் தையல்கடையில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்க வேண்டும். இஸ்மாயிலுக்கு நடிப்பில் பைத்தியம். முத்திருளன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். அவரோடு இஸ்மாயிலும் சேர்ந்துகொண்டார். பொம்பளை வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

"நீ சும்மா வந்து நின்னாப் போதும் தங்கச்சி. அழுகக்கூட வேண்டாம்" என்று சொல்லித்தான் இஸ்மாயில் அவளைக் கூட்டிப்போனார்.

நாடகம் கால் மணி நேரம். புருஷனாக இஸ்மாயில், மூத்தாளாக அன்னக்கொடி. இளையாளுக்கு ஆள் கிடையாது. ஒரு மடக்கு நாற்காலிக்கு மஞ்சள் சேலையைப் போர்த்தி வைத்திருப்பார்கள், அதுதான் இளையாள். இஸ்மாயில் நாற்காலியைத் தூக்கிவந்து ஜனங்கள் சுற்றி நிற்கிற வட்டத்துக்கு நடுவில் வைப்பார். அந்த இடத்தில் வாத்தியார் கையைத் தட்டி நாடகத்தை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார்.

"இப்ப இந்தம்மா என்ன செய்யணும்? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடிதான் மிச்சக் கதை."

முதலில் ஆம்பளைகள் பேசுவார்கள். "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போகட்டும் சார்." அப்படிச் சொன்ன ஊர்களில் அன்னக்கொடி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலியின் காலடியில் ஊற்றி வரவேற்பாள். "ஆத்தா வீட்டுக்குப் போகட்டும்" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியே போவாள். சில ஊர்களில் பெண்கள் பக்கமிருந்து குரல் வரும்: "அந்தச் சிறுக்கிய மிதிச்சு வெளிய தள்ளுத்தா." அன்றைக்கு நாற்காலியை எட்டி உதைப்பாள். அது உருண்டு விழும்போது எழுகிற கைதட்டல் வேறு எதற்கும் கிடைக்காது.

முதல் மூன்று நான்கு ஊர்களில் அப்படி உதைத்தது அவளுக்கே நெஞ்சுக்கு இதமாக இருந்தது. போகப் போக அதுவும் காஜா எடுப்பது மாதிரி ஆகிவிட்டது. இருக்கிற ஒரே லீவு நாளும் பஸ்ஸில் நின்றபடியே போனது. திங்கட்கிழமை காலையில் ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாது. ஊர்தான் மாறியது, அந்த மூன்று பதில்களும் மாறவில்லை. விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதற்கு இது தேவலை என்று கிளம்பிவிடுவாள்.

முப்பத்திரண்டாவது ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே இருந்தது. பால் சொசைட்டிக்கு எதிரே புளியமர நிழலில் நாடகம். சாயங்காலப் பால் ஊற்ற வந்த பெண்கள் கேனும் கையுமாக நின்று பார்த்தார்கள். வாத்தியார் கை தட்டிக் கேட்டார். அந்த ஊர் நாற்காலியை மிதிக்கச் சொன்னது. அன்னக்கொடி சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை ஓங்கினாள்.

"இருங்கக்கா."

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வட்டத்துக்குள் வந்தாள். பால் கேனைக் கீழே வைத்தாள். நாற்காலியிலிருந்த மஞ்சள் சேலையை உருவித் தோளில் போர்த்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது. "ஏ புள்ள, எந்திரிச்சு வாடி" என்று யாரோ அதட்டினார்கள். வாத்தியார் கையமர்த்தி, "இருக்கட்டும். அவங்களும் நடிக்கட்டும்" என்றார்.

அந்தப் பெண் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்னக்கொடியை மட்டும் பார்த்தாள்.

"இப்ப மிதிங்கக்கா."

ஓங்கிய கால் தானாகக் கீழே இறங்கியது.

"நான் எம்புட்டுத் தடவ வேண்டாம்னு சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்கய்யா கேக்கல. இந்த ஆளும் கேக்கல." இஸ்மாயிலைக் கை காட்டினாள். "ஆறு வருசமா ஒரே அடுப்படில கெடக்கோம். ஒரு நா நீங்க என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். நாற்காலியில் இருந்தவள் யாரிடம் பேசுகிறாள் என்பது அன்னக்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது.

வாத்தியார் எழுதிக் கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை. முப்பத்தோரு ஊர் சொன்னதிலும் இல்லை. அன்னக்கொடி தூக்கிப் பிடித்திருந்த கொசுவத்தைக் கீழே விட்டாள்.

"ஒம் பேரு என்னத்தா?" என்று கேட்டாள்.

"ஜெயக்கொடி."

அவ்வளவுதான். அந்தப் பெண் சேலையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு பால் வரிசையில் போய் நின்றாள். நாற்பது வயதுக்காரியும் வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். "ஊர்க் குடும்பத்தக் கெடுக்கவா சார் வந்தீங்க?" என்று ஒருவர் வாத்தியாரிடம் சண்டைக்கு வந்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பைபாஸ் வந்ததும் அன்னக்கொடி முன் சீட்டிலிருந்த வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"சார், அடுத்த வாரத்துலருந்து நாற்காலி வேண்டாம். அந்த வேஷத்த நான் போடுறேன்."

"அப்ப மூத்தாளுக்கு?"

"எங்க கடைல செல்லத்தாயி இருக்கா. கேட்டுப் பாக்குறேன்."

"ஒனக்கு எதுக்குத் தங்கச்சி இந்த வம்பு? ஊரே ஏசும்" என்றார் இஸ்மாயில்.

"ஏசட்டும்ணே. அந்த எடத்துல ஒரு ஆளு இருக்கட்டும்."

வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் கேட்டாள். "காளை கூட்டிட்டு வந்தவ பேரு என்னண்ணே?"

அண்ணன் யோசித்தார். "இருளாயின்னு நெனைக்கிறேன். இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்."

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அன்னக்கொடி இளையாளாக உட்கார்ந்தாள். இஸ்மாயில் சொன்னபடியே ஏச்சு விழுந்தது. ஒரு ஊரில் மண்கட்டி வந்து தோளில் பட்டது. இன்னொரு ஊரில் ஒருத்தி கிட்டே வந்து காறித் துப்பினாள். வாத்தியார் கேள்வியை மாற்றியிருந்தார்: "இந்த மூணு பேரும் இப்ப என்ன செய்யணும்?" அப்போதும் பெரும்பாலான ஊர்கள் "அனுசரிச்சுப் போகட்டும்" என்றுதான் முடித்தன. ஐந்தாறு ஊர்களில் மட்டும் யாராவது ஒரு பெண், "அந்தப் புள்ளயக் கேளுங்க சார் மொதல்ல" என்றாள். அப்போது கூட்டம் முழுக்க அன்னக்கொடி பக்கம் திரும்பும். ஜெயக்கொடி சொன்னதையே அவள் தன் வாயால் சொல்லுவாள்.

வாத்தியாருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்ததும் குழு கலைந்தது. கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி மத்தியானம் வரைக்கும் தூங்கினாள். அண்ணிகூட எழுப்பவில்லை.