ராஜபாண்டி பார்த்துச் சொன்ன வண்டி

என் சித்தப்பா மகள் வெள்ளையம்மாளின் மூத்தவன் ராஜபாண்டி. எனக்கு மருமகன் முறை. பதினேழு வருடம் ராணுவ டாங்கியில், சூட்டைக் காட்டுகிற கண்ணாடி வழியாகக் குறிபார்க்கிற வேலை. ஓய்வுபெற்று வந்து, சாமளாபுரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் காவலுக்குச் சேர்ந்தான்.

போன மார்கழியில், காலை ஆறு மணிப் பனியில், செக்கிங் வேலைக்கு வந்த வேல்விழியை ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போனது. அவளுக்குக் கால் முறிந்தது. சாதாரணக் கேமராவில் வெறும் பனிதான். பஞ்சுக் கழிவு குடோனில் தீப்பிடித்தால் காட்டுவதற்கென்று வைத்திருந்த சூட்டுக் கேமராவில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு நகர்ந்தது. அதில் நிறமும் தெரியாது, நம்பரும் தெரியாது. சூடான இடம் வெளுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதலாளி கதிர்வேல் கேட்டதும் இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டான்: பின்பக்கம் சூடு, அப்படியென்றால் எஞ்சின் பின்னால் இருக்கிறது, ஆட்டோதான் என்று. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஓடுகிற ஆட்டோ ராஜ்கமலுடையது ஒன்றுதான். போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போனது.

மறுநாள் காலை, துணியைச் சூட்டில் அழுத்தி எடுக்கிற காம்பாக்டிங் மெஷினிலிருந்து ஆவி பறக்க வந்த துணி உருளைகளைக் கம்பெனியின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றினார்கள். ராஜபாண்டி பின்னாலிருந்த தார்ப்பாயில் கை வைத்தான். சுட்டது. முன்னால் எஞ்சின் பனியில் சில்லென்று கிடந்தது. கேமராவில் பின்னால் வெளுத்தது எஞ்சின் இல்லை, இந்தத் துணிச் சூடு என்று இவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னான். அவர் சிரித்தார்.

"ஏனுங்க, மிலிட்டரிக் கண்ணு தப்பாதுன்னு நேத்து நீங்கதானுங்க சொன்னீங்க? அப்படியே இருக்கட்டும், உடுங்க."

"தப்பும்ங்க. பயிற்சியில பத்து சூட்டுப் படம் காட்டுனா ஏழுதான் சரியாச் சொல்லுவேன். வெயில்ல காஞ்ச நம்ம வண்டியவே எதிரி வண்டின்னு சொன்னவன் நான். அங்க அதிகாரி காறித் துப்புனாரு. நீங்க தட்டிக் கொடுக்கீக."

வேலை போனது. போகட்டும். நேரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சண்டை போட்டு இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தான். அதே லோடு, அதே வண்டி, அதே கேமரா. அதே வெள்ளைத் திட்டு. கம்பெனி டிரைவர் ஒப்புக்கொண்டான்.

ராஜ்கமலை வெளியே விட்டபோது நானும் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். முகம் வீங்கியிருந்தது.

"ஏண்ணே, டியூட்டி முடிஞ்சா என் ஆட்டோவுலதான ஏறுவ? சூட்டப் பாத்தியே, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

ராஜபாண்டி சாக்குச் சொல்ல வாய் திறந்திருந்தால் நானே அறைந்திருப்பேன்.