கல்வெட்டில் வந்த மருமகன்

மருமகன் என்ற சொல்லை அச்சில் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

நாங்கள் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருந்தபோது தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. இரண்டு குடும்பத்துக்கும் இடையில் முன்பு கலியாணம் நடந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையை ஐயா என்னிடம் தந்தார். வம்சாவளி எழுதுகிறவன் நான்தானே! கலியாணங்களைப் பதியும் கந்தோருக்குப் போக வழியில்லை. கையில் இருந்தவை, இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகங்கள் மட்டும்தான்.

எங்கள் சொந்தக்காரி ஒருத்தியைக் கட்டிய கந்தையாவின் கல்வெட்டில், "மருமகன்" என்று தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளையின் பெயரும் வேலையும் பிசகாமல் இருந்தன. அப்படியென்றால், மாப்பிள்ளை ஏற்கெனவே கந்தையாவின் மகளைக் கட்டியவர்!

அவர்கள் பெண் பார்க்க வந்த இடத்திலேயே புத்தகத்தை நீட்டி, "உங்கடை மகன் கலியாணம் முடிச்சவரெல்லோ?" என்று கேட்டுவிட்டேன். தங்கை அழுதுகொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளையின் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, மோசம்போன கந்தையா என்ரை அண்ணை. என்ரை பெடியன் அவருக்கு மருமகன் இல்லாமல் வேறை என்ன? அண்ணைக்குப் பொம்பிளைப் பிள்ளையே இல்லை."

அடுத்த பக்கத்தில் சகோதரியாக அந்த அம்மாவின் பெயர் இருந்தது. நான்தான் புரட்டவில்லை.

ஒருவழியாகக் கலியாணம் நடந்தது. இப்போதெல்லாம் மனைவியின் பெயர் தெரியாமல் எவருக்கும் நான் வம்சாவளியில் கலியாணக் கோடு போடுவதில்லை. ஆனால் அந்த அம்மா விட்டால்தானே! நான் தங்கை வீட்டுப் படலையைத் திறந்ததுமே வேண்டுமென்று கூப்பிடுவார்: "வாரும், மருமகன்!"