முனை வீட்டு விளக்கும் ஈசலும்

உப்புப் போட்டு வறுக்கும்போது ஈசல் வேர்க்கடலையைப்போல மணக்கும். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மனைகளில் அப்போது புற்றுகள் நிறைய. மழை விட்ட மாலையில், சொல்லி வைத்தாற்போல எல்லாப் புற்றும் ஒரே வேளையில் வாய் திறக்கும். ஒவ்வொரு ஈசலும் தனித்தனியாகத்தான் வெளிச்சத்தைத் தேடுகிறது என்று பிற்காலத்தில் படித்தேன்; எங்கள் கண்ணுக்கு அது ஒரே உடம்பாக நெளிந்து வரும் புகையாகத்தான் தெரிந்தது.

அதைப் பிடிக்க, தெருவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, முறைவைத்து ஒரு வீட்டு வாசலில் மட்டும் "குண்டு பல்பு" எரியவிட்டு, அதன் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள். "நாலு லைட்டு எரிஞ்சா நாலு பக்கம் பூடும்; ஒண்ணு எரிஞ்சா அல்லாம் இங்கதான் வரும்" என்பார் எதிர்வீட்டுக் கன்னியப்பன் மாமா.

எனக்குப் பத்து வயதானபோது அந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆனால் தெருமுனை வீட்டு விளக்கு மட்டும் அணையவில்லை. பாதி ஈசல் அங்கே போய்க்கொண்டிருந்தது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் அந்த வீட்டின் முன்னால் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்ததால்தான் அதை எரியவிட்டிருந்தார்கள். எனக்கும் அது தெரியும். யாரும் பார்க்காமல் ஓடிப்போய், வெளிச்சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் எங்கள் வாசலுக்குத் திரும்பியது. என் கைராசி என்று மாமா சிரித்தார்.

எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில், துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அக்கா ஏழு மணிக்குள் வந்துவிடுவாள். முனைப் பக்கம் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நாயாக இருக்கும் என்றார்கள், யாரும் நிமிரவில்லை. சட்டி அடுப்பேறிய பிறகுதான் அம்மா கேட்டாள்: "இன்னாடி, அக்கா இன்னும் வர்ல?"

தூக்கி வந்தபோது உயிர் இல்லை. ஈரக்கூந்தலில் ஈசல் இறக்கைகள் ஒட்டியிருந்தன.

முனை வீட்டுக்காரர்தான் விளக்கை அணைத்தார் என்று ஒருவர் சொல்ல, தெருவே அதைச் சொன்னது. அவர் இல்லையென்று அழுததை ஒருவரும் நம்பவில்லை. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அடுத்த மழைக்கு முன் அவர்கள் வீட்டைக் காலிசெய்து போய்விட்டார்கள்.

அந்த மனைகளில் இப்போது அடுக்குமாடிகள். புற்று ஒன்றுகூட இல்லை. போன வாரம் மழை விட்டதும், நான் குடியிருக்கும் வானகரம் குடியிருப்புக்கு எங்கிருந்தோ பத்திருபது ஈசல் வந்தன. விளக்குகளை அணைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மறுநிமிடம் வாசல் கேட் விளக்குவரை எல்லாம் அணைந்துவிட்டது. மகள் டியூஷனிலிருந்து திரும்பும் நேரம். செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி, போனின் வெளிச்சத்தைச் சாலையில் அடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் வந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். பெரியம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.