அண்ணி எழுத மறந்த படி

என் அண்ணிக்கு அலுவலகத்தில் 'மறுபடி அம்மா' என்று பெயர். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. யார் என்ன புகார் சொன்னாலும் மறுபடி செய்து காட்டச் சொல்வார். வீட்டிலும் அதே தொல்லைதான். குழாய் ஒழுகுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், எந்தப் பக்கம் எவ்வளவு திருகினேன் என்று என்னைக் குடைந்து எடுத்துவிடுவார்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் கைக்கடியில் இருக்கும் பட்டனை அழுத்துவார், கணினி அவற்றைச் சேர்த்துப் படிக்கும். அந்த யுஎஸ்பி பட்டனைச் சில நாள் கணினி கண்டுகொள்ளவே கொள்ளாது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவோம். சில சமயம் உடனே வரும், சில சமயம் மதியமாகியும் வராது. அதுவரை அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

பட்டன் செய்த கம்பெனிக்கு அனுப்பினால், தங்களிடம் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அப்படியே திருப்பி அனுப்பினார்கள். போனில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். அண்ணி போனைப் பிடுங்கி வைத்தார். நான் திட்டினால் அவர்கள் சோதிக்கும் மேசையில் பட்டன் கெட்டுவிடுமா என்றார். அங்கேயும் கெட்டால்தான் சரிசெய்வார்கள். கெடுப்பது எப்படி என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

உட்கார்ந்து எழுதினார். எந்தத் துளையில் மாட்டுவது, கணினியை எப்போது போடுவது, திரையில் என்ன வந்தது என்று எல்லாம். தாளை என்னிடம் நீட்டி, அதில் இருப்பதை மட்டும் செய்யச் சொல்லித் தள்ளி நின்றார். செய்தேன். பட்டன் சமர்த்தாக வேலை செய்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியே. எனக்குச் சப்பென்று போய்விட்டது, அண்ணிக்கோ முகம் மலர்ந்தது.

"நான் செய்யற ஏதோ ஒண்ணு இதுல இல்ல தம்பி. காலையில செய்யற மாதிரியே செய்யறேன், கண்ணை எடுக்காம பாருங்க."

ஒயரை மாட்டினார். குனிந்து அண்ணன் கையை எடுத்து, விரல்களை நீவிவிட்டு, பட்டன்மேல் வைத்தார். பிறகு கணினியைப் போட்டார். பட்டன் வரவில்லை.

"கையை வச்சீங்களே அண்ணி, அதை எழுதலையே?"

"அவர் கையைப் பிடிக்கிறதெல்லாம் ஒரு படியா..." என்றவர் பாதியிலேயே நிறுத்தினார்.

அதுவும் படிதான். கையின் கனத்தில் பட்டன் அழுந்தியிருக்கும் நாளில் கணினியைப் போட்டாலோ ஒயரை மாட்டினாலோ, பட்டன் வேறொரு நிலைக்குப் போய்விடுகிறது, கணினிக்குத் தெரிவதில்லை. கம்பெனிக்காரர்கள் அதை அழுத்தாமலே சோதித்திருக்கிறார்கள். அண்ணி அந்தப் படியையும் சேர்த்து அனுப்ப, அவர்கள் மேசையிலும் பட்டன் கெட்டது. எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். சரிசெய்து தரும்வரை, கணினி எழுந்த பிறகே கையை வைக்கச் சொன்னார்கள். தினமும் கணினி எழும்வரை அண்ணி அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

புதுப் பட்டன் வந்தது. அண்ணி முதலிலேயே அதன்மேல் அண்ணன் கையை வைத்துவிட்டுக் கணினியைப் போட்டார். உடனே கண்டுகொண்டது. அண்ணன் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். கணினி படித்தது.

"நல்லா இருக்கு. ஆனா நீ கையைப் பிடிச்சுக்கிற படியை எடுத்துடாத."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடி சொல்லுங்க" என்றார்.